ஆழ்ந்த உளச்சிகிச்சைக்கு இவர் தயாரா? ஒரு நிகழ்வு ஆய்வு

கோவையில் உள்ள ஒரு சிறிய மனநல மையத்தில் நடந்தது இது. அங்கே ஒரு மனநல மருத்துவர், இரண்டு உளவியலாளர்கள், ஒரு சமூகப் பணியாளர் இருக்கிறோம். நான் உளவியலாளர்களில் ஒருத்தி. சம்பந்தப்பட்டவரின் எழுத்துவழி ஒப்புதலோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பரிந்துரை வந்த விதம்

அவருக்கு அப்போது 38 வயது. மோட்டார் பம்புக்கு வார்ப்பு செய்யும் பவுண்டரியில் மோல்டிங் பிரிவு சூப்பர்வைசர். மனைவியும் நான்காம் வகுப்பு படிக்கும் மகளும் உண்டு. எட்டு மாதமாக ராத்திரியில் நெஞ்சடைப்பு, மூச்சுமுட்டல், இப்போதே உயிர் போய்விடும் என்கிற பயம். இரண்டு முறை நள்ளிரவில் ஆட்டோ பிடித்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருக்கிறார்கள். இசிஜி, எக்கோ, டிரெட்மில், தைராய்டு, சர்க்கரை எதிலும் குறையில்லை. இதய மருத்துவர்தான் எங்கள் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

பீதித் தாக்குகளும் நடுத்தர அளவு மனச்சோர்வும் என்று மருத்துவர் கணித்து, மனச்சோர்வுக்கும் பீதிக்கும் தரப்படும் செர்ட்ராலின் மாத்திரையை 25 மில்லிகிராமில் தொடங்கி 50க்கு உயர்த்தினார். மூன்று மாதத்தில் தாக்குகள் நன்றாகக் குறைந்தன. மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 படிவத்தில் மதிப்பெண் 27க்கு 17 என்பதிலிருந்து 11 ஆனது. ஆனால் அதற்குக் கீழே இறங்கவில்லை. வேலைக்குப் போகிறார், வருகிறார், யாரோடும் ஒட்டுவதில்லை. மனைவியோடு பேச்சை நிறுத்தினால் மூன்று நான்கு நாளைக்கு வீட்டில் சத்தமே இருக்காது.

வாரந்தோறும் ஆழமான சிகிச்சை இவருக்குப் பயன்படுமா என்று கேட்டு மருத்துவர் எனக்கு எழுதினார். தன் சந்தேகத்தையும் கூடவே எழுதியிருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார், எல்லாவற்றையும் உடம்பு உபாதையாகவே சொல்கிறார், மூச்சுப்பயிற்சியும் ஆதரவான ஆலோசனையும் போதும் என்பது அவர் கருத்து.

அது நியாயமான சந்தேகம். ஆழ்ந்த உளச்சிகிச்சை ஆறுதல் பேச்சு அல்ல. ஓராண்டோ அதற்கு மேலோ வாரம் தவறாமல் வந்து, இத்தனை காலம் தள்ளிவைத்த விஷயத்தின் பக்கத்தில் உட்கார வேண்டும். நடுவில் சில வாரங்கள் முன்பைவிட மோசமாகத்தான் இருக்கும். எல்லோரும் எல்லா நேரத்திலும் அதைத் தாங்க மாட்டார்கள். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டே 1913இல், ஒரு நோயாளியை முதலில் ஓரிரு வாரம் சோதனையாக எடுத்துப் பார்ப்பதே தன் வழக்கம் என்று எழுதினார். பின்னால் பாஸ்டனில் மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் குறுகிய கால சிகிச்சைக்கு ஆள் தேர்ந்தெடுக்க அளவுகோல்கள் வகுத்தார்: பிரச்சினையை வரம்பிட்டுச் சொல்ல முடிகிறதா, சிறுவயதில் ஒருவரோடாவது உண்மையான பிணைப்பு இருந்ததா, தன் மனதைத் தானே கவனிக்க முடிகிறதா, அறிகுறி போனால் போதுமா அல்லது மாற வேண்டும் என்று நினைக்கிறாரா. லண்டனில் உளச்சிகிச்சையாளர் டேவிட் மாலன் இன்னொன்றைச் சேர்த்தார். மதிப்பீட்டின்போதே சிறியதாக ஒரு விளக்கத்தை முன்வைத்து, அந்த நபர் அதை என்ன செய்கிறார் என்று பார்ப்பது.

மாலன் சொன்னதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். ட்ராமா (மனக்காயம்), அட்டாச்மென்ட் (பிணைப்பு) என்று இணையத்தில் கேட்டுவிட்டு வருபவர்கள் முதல் நாளே தங்கள் குழந்தைப் பருவத்தை அழகாக விளக்கிவிடுவார்கள். நாமும் நல்ல ஆள் கிடைத்தார் என்று மகிழ்ந்துவிடுவோம். ஆனால் சரளமாகச் சொல்வது, சொல்வதை உணராமல் இருப்பதற்கும் ஒரு வழிதான். இவரிடம் அந்தச் சரளம் துளியும் இல்லை. அதனாலேயே இவரைத் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

முதல் சந்திப்பு

வாரம் ஒன்றாக நான்கு சந்திப்பு, ஒவ்வொன்றும் 50 நிமிடம், கடைசியில் தொடங்கலாமா வேண்டாமா என்று இருவரும் சேர்ந்து முடிவெடுப்போம் என்று முதலிலேயே சொன்னேன். தலையாட்டினார்.

என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, “நெஞ்சடைப்பு நின்னாப் போதுங்க மேடம்” என்றார். மருத்துவர் ஏன் இங்கே அனுப்பினார் என்று நினைக்கிறீர்கள் என்றேன். “மனசுல ஏதோ இருக்குதுன்னு சொல்றாங்க. இருக்கலாமுங்க. எனக்குத்தான் தெரியல.” அந்த ‘இருக்கலாமுங்க’வைக் குறித்துக்கொண்டேன். மறுக்கவும் இல்லை, என்னைத் திருப்திப்படுத்த ஒப்புக்கொள்ளவும் இல்லை.

ஆபத்து பற்றிய கேள்விகளை அன்றைக்கே கேட்டுவிட்டேன். காலையில் விழிக்காமலே போனால் தேவலை என்று சில நாள் தோன்றியதுண்டு. திட்டமோ முயற்சியோ இல்லை. இல்லாத குரல் கேட்பது, காரணமற்ற சந்தேகம் எதுவும் இல்லை. குடி, ஞாயிற்றுக்கிழமை ஒரு குவார்ட்டர் என்றார். குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். அப்பா அம்மா காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள், தான் ஒரே பையன். மையத்தின் பதிவுப் படிவத்தில் இப்படி இருந்தது: ‘பெற்றோர் உயிருடன் உள்ளனர். தை மாதம் சின்னம்மா மறைவு.’

இரண்டாம் சந்திப்பு

குடும்ப மரம் வரைந்தோம். தாள் நடுவில் அவர், மேலே அப்பா அம்மா, பக்கத்தில் சின்னம்மா. சின்னம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன்.

“ஒரு அண்ணன், ஒரு அக்கா, அப்புறம்…” என்று நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, “அப்புறம் நானுங்க” என்றார்.

பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. நான்கு வயதில் இவரை அங்கே விட்டிருக்கிறார்கள். பத்திரம், தத்து ஆவணம் எதுவும் கிடையாது. பெரியம்மாவை அம்மா என்றும் பெற்றவளைச் சின்னம்மா என்றும் கூப்பிடப் பழக்கினார்கள். கோயில் நோம்பிக்குப் போனால் சின்னம்மா தட்டில் கொஞ்சம் அதிகமாகச் சோறு போடுவாராம், அவ்வளவுதான். பெற்ற அப்பா இவர் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். தை மாதம் சின்னம்மா இறந்தபோது அண்ணன் கொள்ளி வைத்தார். இவரும் மொட்டை போட உட்காரப் போனபோது, “நீ அங்க போன புள்ள, உனக்கு வேண்டாம்” என்று பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். முதல் நெஞ்சடைப்பு வந்தது பங்குனியில்.

இதையெல்லாம் ஊர்க்கதை போல ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போனார். முடிகிற நேரத்தில் மாலன் சொன்ன அந்தச் சிறிய விளக்கத்தை வைத்தேன். “தை மாசம் உங்களைப் பெத்தவங்க போனாங்க. அங்க மகனா உக்கார உங்களுக்கு இடம் கிடைக்கல. பங்குனில நெஞ்சு அடைக்க ஆரம்பிச்சுது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு.”

‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு எழுந்திருந்தால் அதுவும் ஒரு பதில்தான். அவர் எழவில்லை. “அங்க எல்லாரும் அழுதாங்க மேடம். நான் அழுவல. நான் டெம்போ வாடகை பேசிட்டு இருந்தேன். சாப்பாட்டுக்குச் சொல்லிட்டு, தண்ணி கேனுக்குச் சொல்லிட்டு, எல்லாக் கணக்கையும் நாந்தானுங்க பாத்தேன்.” நான் கேட்காத ஒன்றை, நான் சொன்னதை ஒட்டி, அவராக எடுத்து வைத்தார். இந்தச் சோதனையில் நாம் பார்ப்பது இதைத்தான்.

அன்றிரவு

மறுநாள் காலை அவர் மனைவி மையத்துக்குப் போன் செய்தார். கடும் கோபம். அதற்கு முந்தைய மாலை இவர் நேராக டாஸ்மாக் போய்க் குடித்துவிட்டு, அதே நிலையில் பைக் ஓட்டி வீட்டுக்கு வந்திருக்கிறார். இங்கே வந்தால் சரியாகும் என்று பார்த்தால் வார நாளிலேயே குடிக்க வைத்துவிட்டீர்களே என்றார். எங்கள் சமூகப் பணியாளர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். உள்ளே பேசியது எதையும் சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. ஆனால் மனைவியின் கவலையைக் காதில் வாங்க எந்தச் சட்டமும் தடை இல்லை.

மூன்றாம் சந்திப்பு

இதை எப்படிக் கேட்பது என்று யோசித்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. உட்கார்ந்ததும் அவரே சொன்னார். குடித்ததையும் பைக்கையும் மட்டுமல்ல, முதல் நாள் சொன்ன கணக்கு பொய் என்பதையும். சின்னம்மா இறந்த பிறகு வாரத்தில் மூன்று நான்கு நாள் குடிக்கிறார். குடிப்பழக்கத்தை அளக்கும் ஆடிட் படிவத்தை அங்கேயே நிரப்பினோம். 40க்கு 14 வந்தது. 8 வந்தாலே கவனிக்க வேண்டும், 20ஐத் தொட்டால் அடிமை நிலையைச் சந்தேகிக்க வேண்டும். காலைக் குடி, கைநடுக்கம் இல்லை. மருத்துவர் கல்லீரல் பரிசோதனைக்கு எழுதினார். ஒரு நொதி மட்டும் சற்றுக் கூடியிருந்தது.

அன்று ராத்திரி என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டேன். யோசித்துவிட்டு, “மோல்டுல வென்ட் குத்தாம ஊத்துனா உள்ள காத்து மாட்டி ப்ளோ ஹோல் விழுமுங்க. மேல பாத்தா வார்ப்பு நல்லாத்தான் இருக்கும். மெஷினுக்குப் போனாத்தான் தெரியும்” என்றார். உடம்பாகவே பேசுகிறார் என்று பரிந்துரையில் எழுதப்பட்ட மனிதர் இவர். தன் மனதைக் கவனிக்கத் தெரியுமா என்ற கேள்விக்கு இதற்கு மேல் எனக்குச் சான்று வேண்டியிருக்கவில்லை.

சிறுவயதுப் பிணைப்பு பற்றிய கேள்விக்கும் அன்றே விடை வந்தது. பெரியப்பாவை, அதாவது வளர்த்த அப்பாவை, பற்றிப் பேசும்போது முகம் இளகியது. மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போனது, காய்ச்சலில் சைக்கிளில் வைத்து டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனது. அதே மூச்சில், வார் பெல்ட்டால் அடித்ததையும் சொன்னார். ஒரே ஆளிடம் நல்லதும் கெட்டதும் இருந்ததை இரண்டையும் விடாமல் வைத்துக்கொள்ள முடிகிறது. உளப்பகுப்பாய்வாளர் ஓட்டோ கெர்ன்பெர்க் வழியில் ஆளுமையின் கட்டமைப்பை மதிப்பிடுகிறவர்கள் முக்கியமாகத் தேடுவது இந்தத் திறனை. பன்னிரண்டு வருடமாக ஒரே பவுண்டரி, கீழே வேலை செய்பவர்கள் கல்யாணத்துக்கும் கடனுக்கும் இவரிடம்தான் வருகிறார்கள். சரி, இந்தப் பக்கம் கவலை இல்லை.

நான்காம் சந்திப்பு

பெரும்பகுதி நடைமுறைப் பேச்சு. ஷிப்ட் மாறிமாறி வருகிறது, வியாழக்கிழமை மட்டும் பகல் ஷிப்டாக மாற்றிக்கொள்ள முடியுமா? கட்டணம் எவ்வளவு கொடுத்தால் வீட்டுச் செலவில் கைவைக்க வேண்டியிருக்காது? இங்கே வருவது யாருக்கெல்லாம் தெரியும்? இவற்றை வெறும் அலுவலகக் கேள்விகளாக நினைக்கும் சக உளவியலாளர்கள் உண்டு. ஆறு வாரத்தில் சிகிச்சையை விட்டுப் போகிறவர்களில் பலர் மனத்தடையால் போவதில்லை, ஷிப்டாலும் பஸ் நேரத்தாலும்தான் போகிறார்கள் என்பது என் அனுபவம்.

போகும் முன் அவர் ஒன்று கேட்டார். “இதையெல்லாம் தோண்டிப் பேசுனா எங்கம்மாவுக்குத் துரோகம் ஆகாதுங்களா?” அம்மா என்றது வளர்த்தவரை. சிகிச்சையில் தான் எதை இழக்க நேரிடும் என்பதை யாரும் சொல்லாமலே பார்த்துவிட்டார். ஆகாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பயமும் இங்கே பேச வேண்டிய விஷயம்தான் என்றேன்.

முடிவும் காரணங்களும்

வாராந்திரக் கலந்தாய்வில் மூன்று வழிகள் மேசைக்கு வந்தன.

மருத்துவர், ஆதரவு ஆலோசனை போதும் என்பதில் முன்பைவிட உறுதியாக இருந்தார். ஒரே ஒரு விளக்கத்துக்கு டாஸ்மாக் போய் பைக் ஓட்டியவர், ஆழத்துக்குப் போனால் என்ன செய்வார்? அதோடு, தை மாதம் தலைத்திவசம் வருகிறது, ஏழு வாரம்கூட இல்லை. இன்னொரு உளவியலாளர், துக்கத்துக்கென்றே வகுக்கப்பட்ட குறுகிய சிகிச்சையைச் சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் தனி நோயாக இடம்பெற்றிருக்கிறது. இறப்புக்குப் பின் ஆறு மாதமாவது கடந்திருக்க வேண்டும், அது இவருக்குக் கடந்துவிட்டது. ஆனால் விடாத ஏக்கம், இறந்தவரைப் பற்றியே ஓயாத நினைவு என்று அதன் மைய அடையாளம் எதுவும் இவரிடம் தெரியவில்லை. யாரை இழந்தோம் என்று சொல்லவே உரிமை இல்லாதவர் ஏங்குவது எப்படி வெளியே தெரியும் என்று அந்த உளவியலாளர் கேட்டது சரியான கேள்வி. ஆனால் என் பார்வையில், இவருடைய சிக்கல் ஒரு சாவோடு முடிவதல்ல. நான்கு வயதில் தொடங்கியது. மனைவியோடு நாட்கணக்கில் பேசாமல் இருப்பதும், கூட்டத்தில் எப்போதும் வேலை செய்கிறவராகவே நிற்பதும் அதன் தொடர்ச்சி.

அந்த ஒரு வாரத்தை நான் வேறு விதமாகப் படித்தேன். குடித்தார், உண்மை. திரும்பி வந்து, கேட்கும் முன்பே, தன் பொய்யோடு சேர்த்துச் சொன்னார், அதுவும் உண்மை. முதலாவது இப்போதே தொடங்கக் கூடாது என்கிறது. இரண்டாவது, தொடங்கலாம் என்கிறது. இரண்டையும் எடுத்துக்கொண்டு, எட்டு வாரம் ஆயத்த காலம், பிறகு மறுபரிசீலனை என்று முடிவு செய்தோம். சந்திப்பு நாளில் குடிக்கக் கூடாது, எட்டில் ஆறுக்காவது வர வேண்டும், மாத்திரையை நிறுத்தக் கூடாது. இவையே நிபந்தனைகள். அந்தக் காலம் முழுவதும் செர்ட்ராலின் அளவை மாற்றுவதில்லை என்று மருத்துவர் ஒப்புக்கொண்டார். மாத்திரையையும் சிகிச்சையையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று யாருக்கும் தெரியாது.

ஆயத்த காலம்

இந்த வாரங்களில் குழந்தைப் பருவத்தை நாங்களாகத் தொடவில்லை. பீதித் தாக்கு உடம்பில் எப்படி எழுந்து எப்படி அடங்குகிறது என்பதையும், குடித்த மறுநாள் அது ஏன் எளிதாக வருகிறது என்பதையும் பேசினோம். மனைவியை ஒரு முறை, அவர் சம்மதத்தோடு, மூவராகச் சந்தித்தோம். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம்: சந்திப்பு முடிந்ததும் பைக்கை எடுக்காமல் அரை மணி நேரம் டீக்கடையில் உட்காருவது, ராத்திரி தாங்கவில்லை என்றால் முதலில் மனைவி, பிறகு தங்கை முறையான ஒருவர், அதற்கும் மேல் 24 மணி நேரமும் எடுக்கும் அரசின் மனநல உதவி எண் டெலி மனாஸ் 14416.

தலைத்திவசம் ஆறாம் வாரத்தில் வந்தது. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. போனார். சடங்கை அண்ணன்தான் செய்தார். இவர் இந்த முறை பந்தி விசாரிக்கப் போகாமல் முழு நேரமும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லையாம். அன்றிரவு தூக்கமில்லை, குடிக்கவில்லை.

மறுபரிசீலனையில் எட்டுக்கு ஏழு வருகை, பிஎச்க்யூ-9இல் 9, ஒரே ஒரு பீதித் தாக்கு. வாரநாள் குடி நின்றிருந்தது. மருத்துவர் சம்மதித்தார்.

தொடர்ந்தது

வியாழன் மாலைகளில் பதினான்கு மாதம் நடந்தது. விரிவாகச் சொல்ல இது இடமில்லை. மதிப்பீட்டோடு நேரடியாகத் தொடர்புடைய இரண்டை மட்டும் சொல்கிறேன்.

மூன்றாம் மாதம் நான் இரண்டு வாரம் விடுப்பில் போனேன், முன்கூட்டியே சொல்லித்தான். திரும்பி வந்த பிறகு அவர் இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாம் வாரம் வந்து, “நீங்களா கூப்பிடறீங்களான்னு பாத்தேனுங்க” என்றார். அனுப்பிவைக்கப்பட்ட பிள்ளை, யார் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தது அப்படியே எங்களுக்குள் வந்து நின்றது. சிகிச்சையின் நல்ல பகுதி அதன் பிறகுதான் தொடங்கியது.

ஏழாம் மாதம் வளர்த்த அம்மா மேல் முதல் முறையாகக் கோபம் வந்தது. அந்த வாரம் ஒரு பீதித் தாக்கும், ஒரு இரவு குடியும். மருத்துவமனைக்கு ஓடவில்லை. பைக்கைப் பவுண்டரியிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

முடிவில் பிஎச்க்யூ-9 மதிப்பெண் 4. கடைசி ஆறு மாதத்தில் தாக்கு இல்லை. மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. விசேஷங்களில் குடிக்கிறார். அண்ணனோடு உறவு பழைய மாதிரியேதான். என்னை ஏன் கொடுத்தீர்கள் என்று வளர்த்த அம்மாவிடம் கேட்பதா என்று பல வாரம் பேசினோம். அவருக்கு 74 வயது, கேட்க வேண்டாம் என்று இவர் முடிவு செய்தார். மனைவியின் கருத்தையும் பதிவு செய்ய வேண்டும்: முன்னெல்லாம் பேசாமல் இருப்பார், இப்போது சண்டை போடுகிறார், எது தேவலை என்று இன்னும் தெரியவில்லை என்றார்.

மாற்றிக்கொண்டவை

பதிவுப் படிவத்தில் தந்தை, தாய் என்று இருந்த இரண்டு கட்டங்களை எடுத்துவிட்டோம். ‘பெற்றவர்கள் யார், வளர்த்தவர்கள் யார், யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவீர்கள்’ என்று மூன்று கேள்விகள் இப்போது இருக்கின்றன. உறவுக்குள் பிள்ளை கொடுப்பது நம் பக்கம் சாதாரணம். காகிதமே இல்லாமல் நடப்பதால், கேட்டால் ஒழிய வெளியே வராது. குடும்ப மரத்தை முதல் சந்திப்பிலேயே வரைகிறோம்.

மதிப்பீட்டில் ஒவ்வொரு சந்திப்பின் தொடக்கத்திலும் ‘போன தடவை இங்கிருந்து போன பிறகு அன்றிரவு எப்படிக் கழிந்தது’ என்ற கேள்வி கட்டாயமாகிவிட்டது. ஆழமான விளக்கம் எதையும் வைப்பதற்கு முன்பே, வீட்டுக்கு எப்படிப் போகிறார் என்பதைக் கேட்டு, அந்த அரை மணி நேர டீக்கடை ஏற்பாட்டையும் பேசிவிடுகிறோம். நோயாளி ஒப்புக்கொண்டால் வீட்டில் ஒருவரை இரண்டாம் சந்திப்புக்கு முன்பே பார்த்துவிடுகிறோம்.

எட்டு வாரம் தேவையா என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. திவசத்தைக் கடந்து போக அது உதவியது என்கிறார் மருத்துவர். என்னைக் கேட்டால், நான்காம் வாரத்துக்குப் பிறகு அவர் தயாராகவே இருந்தார், காத்திருந்தது நாங்கள்தான். இதுபோன்ற அடுத்த பரிந்துரை வந்தால் நான்கு வாரம் வைத்து, குடியின் அளவைப் பார்த்து நீட்டுவதாக இப்போதைக்குப் பேசி வைத்திருக்கிறோம்.